மாட்டுப் பல்லில் கற்றது

முதுமக்கள் தாழியில் கிடைத்த பல்லில் ட்ரில் வைப்பதற்கு முன் நான்கு மாதம் மாட்டுப் பல்லில்தான் பழகினேன். அப்போது அது எரிச்சலாக இருந்தது. நான் வேதியியல் படித்துவிட்டு, பழைய பற்களிலிருந்து அந்தக் கால மனிதர் என்ன தின்றார்கள் என்று கண்டறியும் இந்த வேலைக்கு வந்தவன். 2015-இல் தொல்லியல் ஆய்வாளர் பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர், இலங்கையின் பட்டதொம்பலென போன்ற குகைகளில் கிடைத்த பற்களை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தார்கள் என்று காட்டியதைப் படித்ததிலிருந்து இதே நினைப்புதான்.

நம் ஊர் வெயிலிலும் மண்ணிலும் உணவின் தடம் தேட உதவும் எலும்புப் புரதம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. பல்லின் மேலுறையான எனாமல் நிற்கும், ஏனென்றால் அதில் 96 சதவீதம் தாது. நாம் தின்றதன் கார்பன் அதில் சிறு வயதிலேயே பதிந்துவிடுகிறது. நெல், பயறு, கிழங்கு, பழம் எல்லாம் ஒரு கூட்டம். கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தில் கார்பனின் கனமான வகையான கார்பன்-13 குறைவு. இந்த வித்தியாசத்தை, ஒரு பொது அளவுகோலை விட ஆயிரத்தில் எத்தனை கூட அல்லது குறைவு என்ற கணக்கில் சொல்கிறோம்: செடியில் சராசரியாக முதல் கூட்டம் மைனஸ் 27, இரண்டாவது மைனஸ் 12. மாட்டின் எனாமலுக்கு வரும்போது இரண்டும் ஏறக்குறைய 14 கூடிவிடும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மேடம் என்னிடம் இரண்டு பற்கள் கொடுத்தார். ஒன்று வைக்கோல் தின்ற டெல்டா மாட்டினுடையது, மற்றது சோளத்தட்டை தின்ற மானாவாரிப் பக்கத்து மாட்டினுடையது. வைரமுனை ட்ரில்லால் மேல் அழுக்கை முதலில் சுரண்டி எறிய வேண்டும். பிறகு பல்லின் உயரம் முழுக்க ஒரே கோடாக இழுத்துச் சுமார் பத்து மில்லிகிராம் தூள் எடுக்க வேண்டும். தூள் வெள்ளையாக விழும் வரை நல்லது. மஞ்சள் தட்டினால் எனாமலுக்கு உள்ளேயிருக்கும் டென்டின் என்ற அடுக்கைத் தொட்டுவிட்டோம், அந்தத் தூள் உதவாது. அப்புறம் நீர்த்த பிளீச்சில் ஒரு மணி நேரம், கழுவல், மண்ணிலிருந்து ஏறிய சுண்ணாம்பைப் போக்க மெல்லிய அசிட்டிக் அமிலத்தில் பத்து நிமிடம், மறுபடி கழுவல், உலர்த்தல். கடைசியில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, வரும் கரியமில வாயுவை, எடை வாரியாகப் பிரித்துக் கணக்கிடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் அளப்பார்கள்.

சோளத்தட்டை மாடு எதிர்பார்த்தபடி பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தது. வைக்கோல் மாடுதான் குழப்பியது. மைனஸ் 13 வரும் என்று இருந்தேன், மைனஸ் 9 வந்தது. கழுவியதில்தான் கோளாறு என்று நினைத்து முழுவதையும் திரும்பச் செய்தேன். அதே எண். மேடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அந்த மாடு வரப்புல என்ன மேஞ்சுது?"

அருகம்புல்! அதுவும் கம்பு, சோளக் கூட்டம்தான்.

அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் புரிந்தது. மனிதப் பல்லில் தினை போலத் தெரிவது தினையாகவே இருக்க வேண்டியதில்லை. புல் மேய்ந்த மாட்டின் பாலும் இறைச்சியும் அதே தடத்தை விட்டிருக்கும். ஆகவே அந்த ஊர் ஆடுமாடுகளின் பல்லையும் அளக்காமல் மனிதர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகுதான் மனிதப் பற்கள் வந்தன. தாமதமாக உருவாகும் மூன்றாம் கடைவாய்ப்பல்லாகக் கிடைத்தால் நல்லது. முதல் கடைவாய்ப்பல் பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள் உருவாவதால் அதில் தாய்ப்பாலின் சாயல் கலந்திருக்கும். ஒவ்வொரு பல்லையும் எல்லாப் பக்கமும் படமெடுத்து, அச்சும் எடுத்த பிறகே தொட்டோம்.

இரண்டாவது பல்லில் தவறிவிட்டேன். வேகமாகச் சுழற்றித் தூளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்த டியூபைச் சாய்த்து நீரை ஊற்றியபோது, அடியில் படிந்திருந்த தூள் வழுக்கி நீரோடு போய்விட்டது. கழிநீர்க் குடுவையில் வெண்மையாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். ஒரு மனிதரின் பன்னிரண்டு வயதுவரை தின்ற சோறு அது. மறுபடி ட்ரில் செய்ய மேடம் சம்மதிக்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அதிலிருந்து நீரைப் பிப்பெட்டால்தான் உறிஞ்சுகிறேன், கடைசிச் சொட்டை விட்டுவிடுகிறேன்.

மனிதப் பற்களின் எண்கள் இன்னும் அச்சேறவில்லை, அதனால் இங்கே போட முடியாது. பக்கத்து வாழ்விட மேட்டில் கிடைத்த ஆடு, மாட்டுப் பற்களுக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை எண்கள் நோட்டில் இருக்கட்டும்.