பிரட்டு நேரத்தில் மூன்று துடிப்புகள்

ஒரு தாத்தாவின் ஒரு நாள் இதயப் பதிவில், துடிப்பில்லாத 23 இடைவெளிகள் என்று மெஷின் காட்டியது. அதில் 22 பொய். இன்று எடுத்துப் பார்த்தாலும் அதையேதான் சொல்வேன். மிச்சம் இருந்த ஒன்றையும் நான் பொய் என்றே குறித்தேன். டாக்டர் கைக்குப் போன ரிப்போர்ட்டில் ‘3 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளி: 0’ என்று இருந்தது. அந்தப் பூஜ்யம் நான் போட்டது.

ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டி ஒரு நாள் முழுக்க எடுக்கும் இதயப் பதிவு, படிக்கிறவர்களுக்கு இது தினசரி வேலை. இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்தால் ஒரு நாளில் 100,800 துடிப்பு. அத்தனையையும் கண்ணால் எண்ண முடியாது, மெஷின்தான் எண்ணுகிறது. 1985இல் பான், டாம்ப்கின்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறையைத்தான் எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூரிய கியூஆர்எஸ் முனையை மட்டும் வடிகட்டிப் பிரித்து, ஒரு துடிப்புக்குப் பின் 200 மில்லிவிநாடிக்கு வேறு எதையும் துடிப்பாக ஏற்காமல், அடுத்தது வழக்கத்தைவிட 1.66 மடங்கு தாமதமானால் வரம்பைத் தாழ்த்தித் திரும்பிப் போய்த் தேடும் முறை. திரும்பிப் போய்த் தேடுவதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. இப்படிப்பட்ட முறைகளைச் சோதிக்கும் எம்ஐடி-பிஐஎச் பதிவுத் தொகுப்பில், அரை மணி நேரப் பதிவுகள் 48இல், அது 99.3 சதவீதம் சரியாகக் கண்டது. படிக்கும்போது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் மிச்சம் 0.7இன் கணக்கு புரிந்தது. ஒரு நாள் பதிவில் அது 700 துடிப்புக்கு மேல் வரும். அந்த 700க்காகத்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம்.

தாத்தாவுக்கு வயது 71. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்தில் மலிவு விலை வீட்டில் மகளோடு இருக்கிறார். ரிக்கார்டரைக் கழுத்தில் மாட்டியபோது, “இவ்வளவுதானாம்மா?” என்று கேட்டார். நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவி முதுகில் சுமக்கும் மூட்டை, கிட்டத்தட்ட 38 கிலோ என்றேன். “ரெண்டு வாளிப் பாலு” என்றார்.

வலது தோளில், பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டா கம்பு உட்கார்ந்த இடத்தில், தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே எலக்ட்ரோடு ஒட்ட வேண்டிய இடம் வரைக்கும் அந்தக் கெட்டித் தோல் இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட தோலை நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது தாத்தா முகத்தைச் சுளித்தார். இரண்டு தேய்ப்போடு விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முதல் காரணம் அதுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள், தகரக் கூரை வீட்டில் ராத்திரி முழுக்க வேர்த்தால் எப்படி ஒட்டினாலும் கழன்றிருக்கும் என்று தோன்றும்.

மறுநாள் ரிக்கார்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார். குறிப்புத் தாளில் பேத்தி சாப்பாட்டு நேரமும் தூங்கிய நேரமும் எழுதியிருந்தாள், அவ்வளவுதான். நான் கேட்டேன்:

“ராத்திரி நெஞ்சுல ஏதாச்சும் செஞ்சுச்சா தாத்தா?”

“ஒன்னுமில்லம்மா. நல்லாத்தான் தூங்குனேன்.”

பதிவைத் திறந்தேன். ராத்திரி 2 மணியிலிருந்து மூன்றாவது சேனல் செத்துக் கிடந்தது. இரண்டாவதில் அலைகள் குட்டையாகிவிட்டன. 22 இடங்களில் மெஷின் ‘துடிப்பு இல்லை’ என்ற இடத்தில் டி அலை, துடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது வரும் அலை, தெளிவாக நிற்கிறது. கியூஆர்எஸ் இல்லாமல் டி அலை வராது. ஆகவே அங்கே துடிப்பு இருந்தது, மெஷின்தான் தவறவிட்டது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

23ஆவது காலை 4.36க்கு. முதல் சேனல் முழுக்க இரைச்சல். இரண்டாவதில் நீளமான ஒரு கோடு, அதில் சின்ன மேடுகள். முன்னால் இருந்த துடிப்புகளுக்கு இடையே 0.92 விநாடி. இந்த இடைவெளி 3.68 விநாடி. பெருக்கிப் பார்த்தேன், சரியாக நாலு மடங்கு. நடுவே மூன்று துடிப்புகள் தத்தம் நேரத்தில் வந்திருக்கின்றன, இரைச்சலில் மறைந்துவிட்டன என்று முடிவு செய்தேன். உண்மையிலேயே நின்ற இதயம் இவ்வளவு கணக்காக மறுபடி தொடங்குமா? முதல் துடிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு மேடும் இருந்தது. நீக்கிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று நாள் கழித்து ரிசல்ட்டுக்கு வந்தவர், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி பேச்சுவாக்கில் சொன்னார். பால் வெட்டிய காலத்துப் பழக்கம், இன்னமும் பிரட்டு நேரத்துக்கு, தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைப் பேர் கூப்பிடும் நேரத்துக்கு, முழிப்பு வந்துவிடுமாம். “அன்னிக்கும் எந்திரிச்சு உக்காந்தேன். கண்ணு அப்படியே இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரம் கட்டிலப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“எத்தனை மணி இருக்கும் தாத்தா?”

“நாலரை இருக்கும்.”

“கேட்டேனே, ஏன் தாத்தா சொல்லல?”

“நீ நெஞ்சப் பத்தித்தானம்மா கேட்ட. இது கண்ணு.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர், அவ்வளவுதான்.

உடனே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பதிவை மறுபடி திறந்து இருவரும் பார்த்தோம். “இரைச்சல்தான், நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்” என்றார். எழுந்து உட்காரும்போது வயர் இழுபடும், இரைச்சல் வரும். அதே நேரத்தில் பிரஷர் இறங்கினால் கண்ணும் இருட்டும், தாத்தா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டும் ஒன்றாக நடக்க இதயம் நிற்க வேண்டியதில்லை. சரியான விளக்கம். அன்று ராத்திரி வரைக்கும் அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

படுக்கையில்தான் அந்த நாலு மடங்கு திரும்ப ஞாபகம் வந்தது. இதயத்தின் துடிப்பு தொடங்கும் இடமான சைனஸ் முனையில் துடிப்பு ஒழுங்காகப் பிறந்தும் வெளியே வர முடியாமல் தடைபடும் கோளாறு ஒன்று உண்டு. அதில் ஒரு வகையில் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், வாசல் மட்டும் அடைபடும். அதனால் இடைவெளி வழக்கமான தூரத்தின் சரியான மடங்காகவே வரும். இது பாடத்தில் உள்ள சங்கதி, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பொய்க்கு அத்தாட்சி என்று நான் எடுத்த அதே கணக்கு, நோய்க்கும் அத்தாட்சி. இரண்டுக்கும் பொருந்துவது எதற்கும் அத்தாட்சி இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் இது ஏன் என் தலைக்கு வரவில்லை? 22 பொய்களைப் பார்த்த கை 23ஆவதையும் பொய்யாகவே பார்த்தது என்று நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்வதும் ஒரு சமாதானம்தான். அளந்தேனே. நிறுத்தி, பெருக்கி, விடை சரியாக வந்ததும் சந்தோஷப்பட்டேனே. அவசரப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வழியில்லை.

நீக்காமல் விட்டிருந்தால்? ‘3.68 விநாடி’ என்று ரிப்போர்ட்டில் விழுந்திருக்கும். கண் இருட்டியதையும் அதோடு சேர்த்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள், பேஸ்மேக்கர் பேச்சு வந்திருக்கும். இரைச்சலுக்காக ஒரு மனிதரின் நெஞ்சைக் கீறுவதும் எனக்குச் சம்மதமில்லை. நீக்குவது, வைப்பது என்ற இரண்டை மட்டுமே நான் வேலையாக நினைத்திருந்தேன். ‘தெளிவில்லை, டாக்டர் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் இரைச்சலுக்கெல்லாம் அப்படி எழுத ஆரம்பித்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இருபது வரி வரும், டாக்டர் எதைப் படிப்பார்?

இரண்டாம் தடவையும் ரிக்கார்டரை நானே மாட்டிவிட்டேன். தோலைக் கூச்சப்படாமல் தேய்த்தேன். மூன்று சேனலும் கடைசி வரைக்கும் சுத்தம். இடைவெளி ஒன்றுகூட இல்லை. தாத்தாவும் பேத்தியும் சந்தோஷமாகப் போனார்கள். மாதத்துக்கு ஒருமுறை வருவது 24 மணி நேரத்தில் அகப்படாது என்பதால், ஈப்போவில் நாள் கணக்கில் பதியும் கருவி மாட்டிப் பார்க்கச் சொன்னார் டாக்டர். தைப்பூசம் முடியட்டும் என்றார் தாத்தா. தைப்பூசம் முடிந்து இரண்டு மாதமாகிறது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

இப்போதெல்லாம் பதிவை வாங்கும்போது கண்ணு, தலை, கால் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அந்த 4.36 கோட்டை அச்சடித்து டிராயரில் வைத்திருக்கிறேன். முதல் மேடு உண்மையான துடிப்பு என்றால் மிச்ச இடைவெளி 2.76 விநாடி, மூன்றுக்குக் கீழே. அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஓடும். இரண்டாவது துடிப்பு வர வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை, எத்தனை தடவை பார்த்தாலும் இல்லை. மூன்றாவது இடத்தில் இன்று காலை ஏதோ ஒரு சின்ன ஏற்றம் தெரிந்தது. போன வாரம் பார்த்தபோது அது தெரியவில்லை.