கிங் தெருவின் ஓர் இரவு: 1770 பாஸ்டனை இரண்டு வகுப்புகளில் நடத்த

அமெரிக்கப் பள்ளிகளில் குடியேற்றக் கால வரலாறு வரும்போது பாடம் பெரும்பாலும் சட்டங்களின் வரிசையில் சிக்கிக்கொள்ளும். 1764 சர்க்கரைச் சட்டம், 1765 முத்திரைத்தாள் சட்டம், 1767 டவுன்ஷெண்ட் வரிகள் என்று பலகையில் எழுதிக்கொண்டே போனால் மூன்றாவது சட்டத்துக்குள் பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். ஒரே ஓர் இரவை எடுத்துக்கொண்டு அதற்கு இரண்டு 45 நிமிட வகுப்புகளைக் கொடுத்துவிடுங்கள். வரி, படை, பத்திரிகை, நீதிமன்றம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். 1770 மார்ச் 5, திங்கட்கிழமை, இரவு ஒன்பது மணி சுமார். பாஸ்டன் கிங் தெருவில் சுங்க அலுவலக வாசல். பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இதற்குப் ‘பாஸ்டன் படுகொலை’ என்று பெயர்.

முக்கியமான கருவி, இந்தச் சம்பவத்தைக் காட்டிப் பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் செதுக்கி அச்சிட்ட வண்ணப்படம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் நல்ல தெளிவோடு கிடைக்கிறது. 11-க்கு 17 அங்குலத் தாளில் வண்ணத்தில் அச்செடுங்கள். நான்கு பேருக்கு ஒரு பிரதி போதும். 24 பேர் வகுப்புக்கு ஆறு. கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சிக்கனம் பார்த்தால் பாடத்தின் பாதி போய்விடும், ஏன் என்று கீழே வருகிறது. அச்சானதும் மேலே உள்ள தலைப்பையும் கீழே உள்ள பாட்டையும் கத்தரித்து எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ‘கொடூரப் படுகொலை’ என்ற தலைப்பைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் படத்தைப் பார்க்காது. தீர்ப்பை முதலில் படித்துவிட்டுச் சாட்சியைத் தேடும்.

படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, நான்கு கதவுகள் போலத் திறக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். கதவு ஒன்றுக்கு மூன்று நிமிடம். திறக்கும் வரிசை முக்கியம்: மேல் இடது, கீழ் இடது, மேல் வலது, கடைசியில் கீழ் வலது. சிப்பாய்கள் இருப்பது கீழ் வலதில்தான். அதை முதலில் திறந்தால் துப்பாக்கிப் புகையை விட்டுக் கண் வேறெங்கும் போகாது. ஒவ்வொரு கதவுக்கும் ‘என்ன தெரிகிறது’ என்று ஒரு பத்தி, ‘என்ன நினைக்கிறேன்’ என்று இன்னொரு பத்தி. பிள்ளைகள் இரண்டையும் கலப்பார்கள். “கோபமான சிப்பாய்” என்று முதல் பத்தியில் எழுதியிருந்தால், கோபம் எந்த இடத்தில் தெரிகிறது என்று கேளுங்கள். புருவமா, வாயா? காட்ட முடியாவிட்டால் அது இரண்டாவது பத்திக்குப் போக வேண்டியது.

முதல் கதவில் நீல வானம். பகலா இரவா என்று கேட்டால் பகல் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்தால் யாராவது ஒருவர் பிறைநிலாவைக் கண்டுபிடிப்பார். வண்ணத்தில் அச்செடுக்கச் சொன்னது இதற்காகத்தான். தரையில் பனியே இல்லை என்பதை அவர்களாகக் கவனிக்க மாட்டார்கள். அன்று தெருவில் பனி கிடந்தது, கூட்டம் சிப்பாய்கள் மேல் எறிந்ததும் பனிக்கட்டியைத்தான். இதை நீங்கள் இப்போது சொல்லிவிடக் கூடாது. இரண்டாம் வகுப்பின் சாட்சியங்களில் வரட்டும். மேல் வலதில் சுங்க அலுவலகத்தின் மேல் ‘கசாப்பு மண்டபம்’ என்று ஒரு பெயர்ப்பலகை தொங்கும். அப்படி ஒரு பலகை அங்கே இருந்ததில்லை. படத்தின் முன்பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. எல்லா வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் நாயைப் பற்றிப் பேச்சு வரும், தடுக்காதீர்கள். ஏழு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடிக்கும் இடத்தில் ஒரு நாய் இப்படி அசையாமல் நிற்குமா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், படம் ஒருவர் யோசித்து அமைத்தது என்பதை வகுப்பு தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கீழ் வலதில் சிப்பாய்கள் அணிவகுப்பு போல ஒரே வரிசையில் நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். பின்னால் கேப்டன் தாமஸ் பிரெஸ்டன் வாளை உயர்த்திக் கட்டளையிடுகிறார். பிரெஸ்டன் தன் தரப்பில் சொன்னது வேறு: தான் சிப்பாய்களுக்கு முன்னால், துப்பாக்கி முனைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்றதாகவும், அந்த இடத்தில் நின்றுகொண்டு சுடச் சொன்னால் தானே முதலில் சாகவேண்டியிருக்கும் என்றும் வாதிட்டார். முதல் வகுப்பை இந்த முரணோடு முடியுங்கள்.

இரண்டாம் வகுப்புக்கு மூன்று எழுத்துச் சாட்சியங்கள் வேண்டும். ஒன்று பிரெஸ்டன் சொன்னது. இரண்டாவது, பாஸ்டன் நகர மக்கள் திரட்டிய வாக்குமூலங்களில் படைக்கு எதிரான ஒன்று. மூன்றாவது ரிச்சர்ட் பாம்ஸ் என்பவர் சொன்னது. ஒவ்வொன்றையும் நூறு சொல்லுக்குள் வெட்டுங்கள். அந்தக் காலத்து அச்சில் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தெரியும். எழுத்தை இன்றைய முறைக்கு மாற்றிக் கொடுப்பதில் தவறில்லை, மூலத்தின் ஒரு வரியை மட்டும் பக்கத்தில் காட்டினால் போதும். முழு மூலத்தையும் கொடுத்தால் பதினைந்து நிமிடம் எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடும்.

இந்த இடத்தில் பாடம் இரண்டு விதமாகக் கெடும். பிரெஸ்டனைப் படித்ததும், “அப்போ படம் பொய், கேப்டன் சொன்னதுதான் நிஜம்” என்று வகுப்பு ஒரே தாவாகத் தாவும். அவர் அதைச் சொன்னது சிறையில் இருந்தபோது, தூக்குக் கயிறு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் என்பதை உடனே சொல்லுங்கள். இன்னொன்று, சமத்துப் பிள்ளைகள் செய்வது: “இரண்டு பக்கமும் பாதிப் பாதி உண்மை” என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். அதை ஏற்காதீர்கள். கேப்டன் எங்கே நின்றார் என்ற ஒரே விவரத்தை எடுத்துக்கொண்டு பாம்ஸிடம் போகச் சொல்லுங்கள். முதல் குண்டு வெடித்தபோது பிரெஸ்டனின் தோளில் தன் கை இருந்ததாகவும், அவர் சிப்பாய்களுக்கு முன்னால் நின்றதாகவும் சொன்னவர் இவர். வெடித்த அடுத்த கணமே ஒரு சிப்பாயைக் கைத்தடியால் அடித்தவரும் இவர்தான். கேப்டனைக் காப்பாற்ற இவருக்கு ஒரு காரணமும் இல்லை, ஆகவே இவர் சொல்லுக்குக் கனம் அதிகம். சாட்சியை எடைபோடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் வேறு கிடையாது.

“சுடு என்று சொன்னது யார்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவைப்படும். நமக்குத் ‘தீ’ வேறு, ‘சுடு’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபயர்’ ஒன்றுதான். அன்று இரவு தேவாலய மணிகள் அடித்தன. மணி அடித்தால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பொருள். சிலர் வாளியைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார்கள். அதனால் தெருவெல்லாம் ‘ஃபயர்’ என்ற கூச்சல். கூட்டத்தில் இருந்தவர்களோ, முடிந்தால் சுடுங்கள் பார்ப்போம் என்று அதே சொல்லால் சிப்பாய்களைச் சீண்டினார்கள். இத்தனை ‘ஃபயர்’களுக்கு நடுவில் ஒரு சிப்பாய் காதில் விழுந்தது யார் குரல் என்று இன்றுவரை முடிவாகவில்லை. நீங்களும் முடிவு சொல்லாதீர்கள்.

கிறிஸ்பஸ் அட்டக்ஸைப் பற்றித் தனியாகப் பத்து நிமிடம். முதலில் விழுந்தவர்களில் ஒருவர், ஆப்பிரிக்க, அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியினர், கப்பல் தொழிலாளி. 1750-இல் ஃப்ராமிங்ஹாம் ஊரிலிருந்து தப்பிய அடிமையைப் பிடித்துத் தருபவருக்குப் பத்து பவுண்டு என்று ஒரு பத்திரிகை விளம்பரம் வந்தது: வயது சுமார் 27, உயரம் ஆறடி இரண்டு அங்குலம், பெயர் கிறிஸ்பஸ். பெரும்பாலும் இவர்தான். ரெவியர் படத்தின் பெரும்பாலான பிரதிகளில் விழுந்துகிடப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர்களாகவே வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறார்கள். நீதிமன்றத்திலோ, சிப்பாய்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ் அட்டக்ஸின் தோற்றமே பயமுறுத்தக்கூடியது என்று பேசி நடுவர்களைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். ஒருவர் அவரை மறைத்தார், இன்னொருவர் அவரைப் பூதமாக்கினார். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரானவர் செய்த வாதம் இது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். கவனம்: சுடுவதை நாடகமாக நடிக்க வைக்கவே கூடாது. யாரோ ஒரு கறுப்பினப் பிள்ளைதான் அட்டக்ஸாக விழவேண்டியிருக்கும். அதன்பின் அந்த வகுப்பு சரியாக நடக்காது.

வழக்கை வேகமாகக் கடந்துவிடலாம். அக்டோபரில் பிரெஸ்டன் விடுதலை. டிசம்பரில் எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, கில்ராய், மான்ட்கோமரி இருவருக்கு மட்டும் கொலையல்லாத மரணக் குற்றம், தண்டனை கட்டைவிரலில் சூடு. விரலில் சூடு போட்டதைக் கேட்டதும் வகுப்பு விழித்துக்கொள்ளும். தூக்கிலிருந்து தப்ப அவர்கள் ‘மதகுரு சலுகை’ என்ற பழைய சட்டச் சலுகையைக் கேட்டார்கள்; அது ஒருவருக்கு ஒருமுறைதான் என்பதால், மறுபடி கேட்டு வந்தால் அடையாளம் தெரிவதற்காகச் சூடு என்று சொல்லி நகருங்கள்.

கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில், முதல் நாள் கத்தரித்து வைத்த தலைப்புத் துண்டை எடுத்து மேசையில் வையுங்கள். லண்டனில் அச்சான ஒரு துண்டுநூல் இதே சம்பவத்தை ‘வருந்தத்தக்க குழப்பம்’ என்றது. ஜாலியன்வாலாபாகுக்குப் ‘படுகொலை’ என்று சொல்லிப் பழகிய நம் காதுக்கு, ஐந்து பேர் இறந்த ஒரு தெருச் சண்டைக்கு அதே சொல் வருவது உறுத்தும். அந்த உறுத்தலை வகுப்பில் வெளிப்படையாகவே பேசலாம். பிறகு எழுத்து வேலை: இந்தப் படத்துக்கு அருங்காட்சியகத்தில் மாட்ட நாற்பது சொல்லில் ஒரு குறிப்பு. படத்தில் தவறான ஒரு விவரம், அதைத் தவறு என்று காட்டும் சாட்சி, படம் விற்பனைக்கு வந்த காலம், மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விடுவார்கள். சம்பவம் நடந்து மூன்றே வாரத்தில், மார்ச் 26 வாக்கில், படம் விற்பனைக்கு விளம்பரமாகிவிட்டது. வழக்கு தொடங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. “ரெவியர் பொய் சொன்னார்” என்று மட்டும் எழுதியவர் தாளைத் திருப்பிக் கொடுங்கள். மூல ஓவியத்தை வரைந்தவர் ஹென்றி பெல்ஹாம். தன் படத்தைக் களவாடிவிட்டதாக அவர் ரெவியருக்கு மார்ச் 29 தேதியிட்டுக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் இரண்டு வரியைக் காட்டினால், குறிப்பைத் திருத்தி எழுத அவர்களே பேனாவைக் கேட்பார்கள்.