வளையம் கோடாகிப்போன ஆண்டு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

நேற்றிரவு முழு சந்திர கிரகணம். 82 நிமிடம் நிலா முழுதாக நிழலுக்குள் இருந்தது. பூமியின் காற்றுமண்டலத்தைக் கடந்து வளைந்து வந்த சிவப்பு ஒளி மட்டும் அதன்மேல் படிந்திருந்தது. வந்திருந்த கூட்டம் பேச்சற்று நின்றது. நானும் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் கிளம்பும்போது ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "மாசாமாசம் நிலா தேயுறதும் இதே நிழலாலதானே மேடம்?" அவரோடு இருந்த நால்வரும் தலையாட்டினார்கள். கிரகணத்தைக் கண்ணாரப் பார்த்தபிறகு அப்படி நினைப்பது இயல்புதான். நிழலைக் காட்டிய நான், பிறை வேறு கதை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பள்ளி வகுப்பை இதற்கே ஒதுக்கப்போகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எட்டாம் வகுப்பு. சன்னல்களை மூடி, நடுவில் ஒரே ஒரு குண்டு பல்பு. ஆளுக்கொரு வெள்ளைப் பந்து, பென்சில் முனையில் குத்தியது. "பல்பு சூரியன், பந்து நிலா, உங்க தலைதான் பூமி. பந்தை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இடப்பக்கமா மெதுவாத் திரும்புங்க." அவ்வளவுதான் சொன்னேன். முதலில் சிரிப்பும் இடிபாடும். பிறகு ஒருத்தி "பிறை!" என்றாள், அறை அடங்கியது. மெல்லிய பிறை, பாதி, முக்கால் என்று ஒவ்வொருவர் கையிலும் நிலா வளர்ந்தது. பந்தில் எந்த நிழலும் விழவில்லை. அதன் பாதியில் எப்போதும் வெளிச்சம். அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் பங்குதான் மாறுகிறது.

பல்புக்கு முதுகு காட்டியபோது தலையின் நிழல் பந்தை மூடிவிட்டது. கடைசி வரிசைப் பெண் யாரும் சொல்லாமலே கையைச் சற்று உயர்த்தினாள், பந்து பளிச்சென்று முழுநிலா ஆனது. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியும் கிரகணமாவதில்லை. அதை அவள் கை கண்டுபிடித்துவிட்டது. நான் பெயர் மட்டும் வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை தனியாக வந்து, இத்தனை வருடமாக நிழல் என்றே சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். அதைச் சொல்ல மனத்துணிவு வேண்டும். பந்துகளை அவரிடமே விட்டுவந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சனி இன்று சூரியனுக்கு நேரெதிரே இருக்கிறது. பூமிக்கு இந்த ஆண்டின் மிக அருகில் என்றாலும் 128 கோடி கிலோமீட்டர். அமாவாசை, நல்ல இருட்டு. 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி முன்னால் நீண்ட வரிசை.

ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஏமாந்தார்கள். "வளையம் எங்கே?" இந்த மார்ச் மாதம் வளையத்தின் தளத்தைப் பூமி கடந்தது. இப்போதும் ஏறக்குறைய விளிம்புப் பக்கமாகத்தான் பார்க்கிறோம். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலமுள்ள வளையம், பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் தடிமன்கூட இல்லாதது. வேறென்ன தெரியும், ஒரு கோடு.

கைப்பேசியில் படம் காட்டிச் சமாதானப்படுத்தலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். 1612இல் கலிலியோவும் இப்படித்தான் திகைத்தார். சனியின் இருபுறமும் தான் முன்பு பார்த்திருந்தவை காணாமற்போயிருந்தன. அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659இல் விளக்கும்வரை புதிராகவே இருந்தது. அந்தத் திகைப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இன்று வந்தவர்களுக்குக் கிடைத்தது. அதை நான் படம் காட்டிக் கெடுப்பானேன்? அதற்குப் பதிலாக, பார்த்ததை வரையச் சொல்லித் தாளும் பென்சிலும் கொடுத்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் உருண்டையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "குச்சியில குத்தின பந்து" என்று எழுதினான். கீழே தேதி போடச் சொன்னேன்.

செப்டம்பர் 24, புதன்

மேகம். ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

விளையாட்டுத் திடலில் சூரியக் குடும்பம். பூமி 1 மில்லிமீட்டர் என்றால் சூரியன் 11 சென்டிமீட்டர் பந்து, இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 12 மீட்டர். நிலா பூமியிலிருந்து 3 சென்டிமீட்டர். நெப்டியூனுக்கு 350 மீட்டர் நடக்க வேண்டும், திடல் போதவில்லை. அடுத்த நட்சத்திரம் இதே அளவில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என்றதும் ஒருவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அக்டோபர் 4, சனி

உலகெங்கும் நிலாவைப் பார்க்கும் இரவு இது. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி வந்திருந்தார். நிலா உயரத்தில் இருந்ததால் ஐபீஸ் அவருக்கு எட்டவில்லை. திரையில் காட்டுகிறோம் என்றோம். "திரையில பாக்க நான் ஏம்மா இவ்வளவு தூரம் வரணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். சனி அப்போதுதான் கிழக்கே தாழ்வாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குழாயைச் சாய்த்ததும் ஐபீஸ் அவர் முகத்துக்கு இறங்கிவந்தது. நெடுநேரம் பார்த்தார். "நூல் கோத்த மணி மாதிரி இருக்கு." வரிசையை அவசரப்படுத்தாமல் இருந்தேன். இனி ஒவ்வொரு முறையும் தாழ்வான ஒரு பொருளை முதலிலேயே குறித்துவைக்க வேண்டும்.

அந்தப் பையனும் வந்திருந்தான், பழைய படத்தை மடித்து எடுத்துக்கொண்டு. புதிதாக ஒன்று வரைந்து இரண்டையும் அருகருகே வைத்தான். வளையத்தின் சாய்வு நவம்பர் கடைசிவரை குறைந்துகொண்டே போகும் என்பதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"அன்னைக்கு விட இன்னைக்கு கோடு மெலிஞ்சிருக்கு மேடம்," என்றான். மறுபடி ஒருமுறை பார்க்க வரிசையின் கடைசிக்கு ஓடினான்.