கிட் காரைத் தொட விடும்போது

பெட்டிகளில் பாகங்களாக வாங்கி, வாரக் கடைசிகளில் ஷெட்டில் வைத்து வாங்கியவரே இணைத்துப் பூட்டிக்கொள்ளும் வண்டிதான் கிட் கார். பிரிட்டனில் அப்போது முழுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கினால் இல்லை. 1957இல் வந்த லோட்டஸ் செவன் அந்த வழியில்தான் பலர் கைக்கு எட்டியது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்று, கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள்; வாங்கியவர் கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு கதையும் உண்டு. 1973இல் கொள்முதல் வரி போய் வாட் வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது.

இப்படி ஒரு வண்டியைக் காட்சிக்கு வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தால் பார்ப்பவருக்கு அது சின்ன ஸ்போர்ட்ஸ் கார், அவ்வளவுதான். தொட விட வேண்டும், விட்டால் தேயும். எது தேயலாம், எது கூடாது என்று பாகம் பாகமாக முடிவு செய்வதுதான் இதில் முக்கால் வேலை. மிச்சமெல்லாம் ஸ்பேனர் வேலை.

சென்னைக்கு இதில் ஓர் ஒட்டுறவும் இருக்கிறது. பிரிட்டனில் கிட் கார் பூட்டியவர்கள் அடிக்கடி எடுத்துக்கொண்டது டிரையம்ப் ஹெரால்டு காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை. பாடியும் சேசிஸும் ஒன்றாகவே வரும் கார்கள் பெருகிய காலத்தில் ஹெரால்டு தனிச் சேசிஸோடு வந்தது. துருப்பிடித்த பாடியைத் தூக்கிவிட்டு ஃபைபர் பாடியை உட்கார வைக்கலாம். அதே ஹெரால்டுதான் 1961 முதல் நம் பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரானது. காட்சிக் காருக்குப் பக்கத்தில் வெறும் ஹெரால்டு சேசிஸ் ஒன்றைப் போட்டு வைத்தால் அறுபதைத் தாண்டிய சென்னைக்காரர்கள் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் தரும் விளக்கம் நாம் எழுதும் எந்தப் பலகையையும் விட நன்றாக இருக்கும்.

முதலில் திரவங்கள். பெட்ரோல் டேங்கைக் காலி செய்தால் மட்டும் போதாது, ஆவி உள்ளே நிற்கும். டேங்கையே கழற்றி, கழுவி, உலர்த்தித் தனியாக வைப்பதுதான் சரி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், கசிந்தால் பெயின்டையும் தின்னும். முழுதாக இறக்கிவிட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரும் பேட்டரியும் வெளியே. எஞ்சின் ஆயில் மட்டும் புதிதாக ஊற்றி இருக்கட்டும்.

வண்டி டயரில் நிற்கக் கூடாது. ஸ்டாண்டைச் சேசிஸுக்கு அடியில் கொடுத்தால் சக்கரங்கள் தொங்கி வண்டி நோயாளி மாதிரி தெரியும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களும் முறுக்கிக்கொண்டே இருக்கும். முன்னால் சக்கரத்தைத் தாங்கும் விஷ்போனுக்கும் பின்னால் ஆக்சிலுக்கும் அடியில் கொடுத்து, டயர் தரையிலிருந்து 5 மி.மீ. எழும்பினால் போதும், பார்வைக்கு நிற்பது போலவே இருக்கும். செவன் ரக வண்டி ஏறக்குறைய 500 கிலோதான். ஆனாலும் நான்கு புள்ளிகளில் இறங்கும் எடை அது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் 300 மி.மீ. சதுர, 10 மி.மீ. கனத் தகடு போட்டால் டைல்ஸ் உடையாது.

பிள்ளைகள் முதலில் கை வைப்பது ஸ்டியரிங்கில். பெரியவர்கள் கியர் ராடில். அதிகம் பழுதாவதும் அந்த ராடுதான். நிற்கும் வண்டியில், எஞ்சின் ஓடாதபோது, கியர் சில சமயம் விழாது. உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும். கார் ஓட்டத் தெரிந்தவர் விட்டுவிடுவார். தெரியாதவர் இரண்டு கையாலும் இழுப்பார். உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் வளையும். எனவே ஒரிஜினல் கியர் பாக்ஸை ஆயிலோடு ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, பழைய இன்னொரு பாக்ஸின் மேல் மூடியை மட்டும் வாங்கி, லேத் பட்டறையில் தாங்கி ஒன்று செய்து பொருத்துகிறோம். அந்த மூடியில்தான் கியர் ராடு நகர்த்தும் செலக்டர் ராடுகள், ஸ்பிரிங், பால் எனும் சின்ன இரும்புக் குண்டு எல்லாம் இருக்கின்றன. கியர் மாறும்போது கையில் தட்டுப்படும் அந்த 'டக்' பற்களிலிருந்து வருவதில்லை, ராடின் பள்ளத்தில் பால் விழுவதால் வருவது. பற்களே இல்லாவிட்டாலும் 'டக்' அப்படியே இருக்கும்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறலாம். இரண்டு ராடுகள் ஒரே நேரத்தில் நகராமல் தடுக்கும் இன்டர்லாக் பின் அளவில் மிகச் சின்னது. மூடியைத் திருப்பும்போது நழுவி விழுந்துவிடும். அது இல்லாமல் பூட்டினால் அன்று சாயங்காலத்துக்குள் ராடுகள் சிக்கிக்கொள்ளும். அடுத்து, பற்கள் போன பின் ராடு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அளவுக்கு மேல் போய், பால் பள்ளத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு ராடிலும் ஸ்குரூ வைத்த காலர் போட்டு ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஸ்டியரிங்குக்கு அவ்வளவு பாடு இல்லை. இரு பக்கமும் ஒரு சுற்றோடு நிற்கும்படி ரப்பர் தடை, வேகமாகச் சுழற்றாமலிருக்க ஒரு டேம்பர். ஆனால் சக்கரம் திரும்பும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் மாட்டும். 8 முதல் 25 மி.மீ. வரையான எந்த இடைவெளியும் குழந்தை விரலுக்குப் பொறி. ஒன்று அடைக்க வேண்டும், இல்லை எட்டாமல் செய்ய வேண்டும்.

ஏறி இறங்குவதில் நாசமாவது பாடி. செவன் ரக வண்டிகளில் பெரும்பாலும் கதவே கிடையாது. ஓரத்தில் கால் வைத்து, விண்ட்ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். 200 மி.மீ. உயரப் படியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வேண்டும். கம்பி தரையில் பூட்டியதாக இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. சீட்டுக்குக் கீழே 18 மி.மீ. பிளைவுட் கொடுத்து, எடை ஃபைபர் தரைக்குப் போகாமல் நேராகச் சேசிஸுக்கு இறங்க வேண்டும். ஃபைபரில் ஓர் இடத்தில் மட்டும் எடை விழுந்தால் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய விரிசல் ஓடும். 40 மி.மீ. வாஷரும் ரப்பரும் போட்டால் அது தள்ளிப்போகும்.

ஹார்னைக் கழற்றி மெல்லிய பஸ்ஸர் போட்டு, இரண்டு விநாடியில் அணையும்படி டைமர் ரிலே வைத்துவிடுங்கள். பணியாளர்களின் மனநிம்மதிக்குச் செய்யும் செலவு அது. விளக்குகளுக்கு 12 வோல்ட் சப்ளை, மெயின் பக்கம் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைந்தது. அதைக் கவனிக்காமல் எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு, எரியவில்லையே என்று ஒயரிங் முழுவதையும் பிரிப்பவர்கள் உண்டு.

பூட்டிப் பார்க்கும் மேஜைதான் காட்சியின் உயிர். ஒரு மட்கார்டு, நான்கு போல்ட், ஒரு ஸ்பேனர். ஒரிஜினல் வண்டியின் யு.என்.எஃப். என்ற அங்குல அளவு மரை இங்கே வேண்டாம். பொடி மரை, கோணலாகத் திருகினால் உடனே போய்விடும். மாற்று போல்ட்டுக்கும் அலைய வேண்டும். 24 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத முரட்டு மரை எடுத்தால் கோணலாகத் தொடங்கினாலும் அவ்வளவு எளிதில் போகாது. நட்டின் குறுக்களவும் 32 மி.மீ.க்கு மேல் வந்துவிடும். அதற்குக் குறைந்த எதையும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். போல்ட் இரும்பு, நட்டு பித்தளை. தேய்வது நட்டாகத்தான் இருக்க வேண்டும், அதை மாற்றுவது எளிது. ஸ்பேனர் நைலானில் வெட்டியது; காலில் விழுந்தாலும் காயமில்லை, பையில் போட்டுக்கொண்டு போகவும் யாருக்கும் ஆசை வராது.

கடற்காற்றும் ஏ.சி.யும் சேர்ந்து தரும் தொல்லை சென்னைக்கே உரியது. சாயங்காலம் ஏ.சி.யை அணைத்துக் கதவைத் திறந்தால் வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பின் மேல் வேர்க்கும். குரோம் பாகங்களில் முதல் புள்ளித் துரு அங்கிருந்துதான். கதவை மூடி, மெதுவாக அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். இரும்பிலும் குரோமிலும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு தடவி வைப்பதும் பலன் தரும். வாசலில் சானிடைசர் வைத்திருந்தால் அக்ரிலிக் மூடிகளைக் கவனியுங்கள். ஆல்கஹால் பட்ட அக்ரிலிக், வளைந்த இடங்களிலும் போல்ட் துளை ஓரங்களிலும் நூல் நூலாக வெடிக்கும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

பூட்டியவர் கோணலாகப் போட்ட துளை, பிறகு பக்கத்திலேயே போட்ட சரியான துளை, சமையலறைத் தகட்டை வெட்டிச் செய்த பிராக்கெட், இதையெல்லாம் டிங்கரிங் ஆள் பட்டி போட்டு மூடிவிடப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு அது குறை. விடக் கூடாது. அந்த இரண்டு துளைகளுக்கும் நேராக ஒரு சின்ன விளக்கு வைத்தால் போதும்.

மாற்றுப் பாகங்கள் அனைத்திலும் உட்புறமாக ஆண்டைப் பஞ்ச் அடித்துவிடுகிறோம். ஒரிஜினலில் பஞ்ச் படக் கூடாது. அதற்குப் பருத்தி நாடாவில் எழுதிய சீட்டு, கழற்றிய தேதியோடு.