360 உதைத்த இரவு

15 வருடமாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறேன். அதனாலோ என்னவோ, பைபிளில் அன்பைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தில் 5-ஆம் வசனத்தின் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என்னை உறுத்தும்: "தீங்கு நினையாது." கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது கணக்கில் வைப்பதற்கும் பயன்படுகிற சொல் என்று வேதபாட வகுப்பில் போதகர் சொன்னார். அதாவது, பிறர் செய்த தீங்கை அன்பு பேரேட்டில் ஏற்றாது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் என் மனதுக்குள் அப்போது ஒரு பேரேடே ஓடிக்கொண்டிருந்தது, எல்லாப் பக்கமும் ஒரே ஆளின் பெயரில்.

பக்கத்து மேஜைக்காரர். ஒரு மாதக் கணக்கு முடிப்பில் தான் விட்ட பிழையை மேலாளர் முன்னால் என் தலையில் கட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பொறுமைசாலி என்றார்கள். பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை, வட்டியோடு திருப்பித் தர நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் வந்தது. ஆண்டு முடிவு, அவருடைய பேங்க் ரீகன்சிலியேஷனில், அதாவது வங்கிக் கணக்கையும் எங்கள் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில், 360 வித்தியாசம் உதைத்தது. மணி ஏழைத் தாண்டிவிட்டது, அப்பாவுக்கு முடியவில்லை என்று அவருக்கு வீட்டிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். கணக்குக்காரர்களின் பழைய தந்திரம்தான், பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு உடனே தோன்றியது. தோன்றியும், வேலையில் மூழ்கியவன் போல் பத்து நிமிடம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிக் கண்ணீரோடு பாடுகிறவன்தான் நான். அன்று எனக்கு வாய்த்த சிலுவை, "ஏழும் மூணும் மாறியிருக்கா பாருங்க" என்ற ஒரு வரி, அதுவும் தொண்டையைத் தாண்டவில்லை. அப்போஸ்தலர் பவுல் நினைவுக்கு வந்தார். அடிமையான ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதுகிறார், சிறையில் இருந்துகொண்டு, தன் கைப்பட. எங்கள் பாஷையில் அது ஒரு ஜர்னல் என்ட்ரி, அடுத்தவன் கடனைத் தன் பெயருக்கு மாற்றுவது.

சரி, எழுந்து போனேன். 6,730 இருக்க வேண்டிய இடத்தில் 6,370. "நீங்க கிளம்புங்க சார், மீதியை நான் பார்த்துக்கிறேன்."

அவர் படியிறங்குவதற்குள்ளேயே மேலாளரிடம் இதை எப்படிக் காதில் போடலாம் என்று மனம் வாக்கியம் கட்ட ஆரம்பித்தது. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிறார் ஆண்டவர். என் வலதுகைக்கோ எல்லாருக்கும் நகல் அனுப்பும் பழக்கம். எப்படியோ சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆனால் அவர் நன்றி சொல்வார் என்று மூன்று நாள் காத்திருந்தேன், சொல்லவில்லை, அதையும் பேரேட்டில் ஏற்றினேன்.

நான்காம் நாள்தான் உறைத்தது, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. போய்க் கேட்டேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். கணக்குப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.