பிடிக்குள் உடைந்த ஒன்பது

"பிடிக்குள்ள உடைஞ்சதெண்டா, அந்தச் சுமை வரைக்கும் நடுப்பகுதி தாங்கினதுதானே சேர்? பிறகேன் எறியிறம்?"

வலிமை பார்க்கப் பொறியில் நாற்பது பனந்தும்பு இழுத்ததில் ஒன்பது, பொறி கவ்வும் பிடிக்குள்ளேயே உடைந்த அன்று, இறுதியாண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது. "வழமையா எறியிறதுதான் பிள்ளை. மிச்சத்தை எழுதுங்கோ" என்றேன். அறிக்கையில் முப்பத்தொன்றுதான் போனது.

அந்தப் பதில் பிழையென்று இன்றைக்கும் அடித்துச் சொல்லமாட்டேன். பிடியின் நெருக்கமும் பசையின் விறைப்பும் சேர்ந்து அந்த விளிம்பில் தகைப்பை, அதாவது ஓரலகு பரப்பில் விழும் விசையை, குவிக்கின்றன. அங்கே உடைந்தால் திரையில் தெரியும் எண், தும்பின் வலிமையை விட நாம் பிடித்த விதத்தைத்தான் கூடச் சொல்லும். ஆனால் பிள்ளை கேட்டது அதையல்ல. 7 நியூற்றனில் பிடிக்குள் உடைந்தால், வெளியே நின்ற 20 மில்லிமீற்றரும் 7 நியூற்றனைத் தாங்கியிருக்கிறது. அது ஒரு கீழ் எல்லை. கீழ் எல்லையும் தரவுதான். நோயாளர் ஆயுட்காலக் கணக்குகளில் இப்படிப் பாதியில் விடுபட்டவர்களை யாரும் எறிவதில்லை. அதற்கென்றே புள்ளிவிபரவியலாளர்கள் கப்லானும் மையரும் 1958இல் ஒரு முறை எழுதிவைத்தார்கள்.

தும்புச் சோதனை வெளியிலிருந்து பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். கங்குமட்டையை அடித்தெடுத்த தும்பைக் கடதாசிச் சட்டத்தின் யன்னலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் அரல்டைற் பசை ஒரு பொட்டு. ஒரு நாள் காயவேண்டும். பிடியில் பூட்டியபிறகு சட்டத்தின் இரு பக்கக் கால்களையும் கத்தரித்துவிட்டு, நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் வேகத்தில் இழுப்பது. கத்தரிக்க மறந்தால் இழுபடுவது கடதாசி. வரைபில் முதலில் ஒரு பொய் உச்சம் வரும். பசை இளக்கமாக இருந்தால் தும்பு வழியே ஊர்ந்து யன்னலுக்குள் வந்துவிடும். 20 என்று எழுதியது உண்மையில் 18 ஆகியிருக்கும். மாரி ஈரத்தில் தும்பு நெகிழும், அதனால் ஒரே நாளில் ஒரு தொகுதியை முடிக்கப் பார்ப்போம். கறண்ட் விடுகிறதா என்பது வேறு கதை.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம் விட்டம். தும்பு வட்டமுமில்லை, ஒரே தடிப்புமில்லை. 0.30 மில்லிமீற்றர் என்று அளந்தால் பரப்பு 0.071 சதுர மில்லிமீற்றர், 7 நியூற்றனுக்குத் தகைப்பு ஏறக்குறைய 99 மெகாபஸ்கால். அதே தும்பை 0.33 என்று அளந்தால் 82. நுணுக்குக்காட்டியில் ஒரு கோடு தள்ளி வைத்ததற்கு இவ்வளவு. அப்படியிருக்க ஒன்பதை எறிந்ததற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று என்னையே கேட்பதுண்டு. விட்டப் பிழை இரண்டு பக்கமும் சிதறும். எறிதல் ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். அதுதான் வித்தியாசம்.

சுவீடன் பொறியியலாளர் வெய்புல் 1951இல், வலிமை போன்ற அளவுகள் எப்படிச் சிதறும் என்று காட்டும் தன் பரம்பலை விளக்க எடுத்த உதாரணங்களில் இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் ஒன்று. தும்புக்கு அந்தக் கணக்கு அந்நியமல்ல. ஒன்பதையும் "இதற்கு மேல்" என்று குறித்துச் சேர்த்தால் பரம்பலின் அளவுப் பரமானம், அதாவது கணக்குச் சொல்லும் வலிமை, ஏறும். ஆக, பிள்ளை சரி, நான் பிழை. இங்கேயே நிறுத்தியிருந்தால் நிம்மதி.

நிறுத்தவில்லை. அந்த ஒன்பதின் விட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். பெரும்பாலும் தடித்தவை. தடித்த தும்புக்குச் சுமை கூட. பசைப் பொட்டுக்குள் படும் பாடும் கூட. "இதற்கு மேல்" என்று சேர்க்கும் கணக்கு, பிடிக்குள் உடைவதற்கும் தும்பின் வலிமைக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. தடித்த இயற்கைத் தும்பில் குறைபாடுகள் கூடியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் தொடர்பு இருக்கிறது, பிள்ளையின் வழியும் வலிமையைக் கூட்டித்தான் காட்டும். எறிந்தாலும் சிக்கல்: மிஞ்சியது மெல்லிய தும்பின் வலிமை, தலைப்பிலோ வெறுமனே "பனந்தும்பு".

கூட்டுப்பொருள் பட்டைகளின் இழுவைச் சோதனைக்கான நியமம் ஏஎஸ்ரிஎம் டி3039 இதே இடத்தில் வேறொன்றைச் சொல்கிறது: கணிசமான மாதிரிகள் பிடியோரத்தில் உடைந்தால், சுமை உள்ளே போகும் விதத்தைத் திரும்பப் பார். தனித் தும்புக்கு எழுதியதல்ல அது, ஆனால் நாற்பதில் ஒன்பது கணிசம் இல்லையா? எறிவதா சேர்ப்பதா என்று வாதாடிய நேரத்தில் பசையை மாற்றியிருக்கலாம்.

போன கிழமை, தும்புகளைப் போட்டுவைத்த உறைகளைத் திறந்து முப்பத்தொன்றையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். நாலைந்து யன்னல் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் உடைந்திருந்தன. அவற்றையும் ஒன்பதோடு சேர்ப்பதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. உறைகளின் மேல் "நல்லது" என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில்.