தடைக்காலத்தில் அப்பாவுடன் கலாபகஸ்

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு நாங்கள் எந்த ஊருக்கும் போனதில்லை. அப்பா கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், படகுத் தச்சர். மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகெல்லாம் உப்பனாற்றுக் கரையில் ஏறிவிடும். பலகை மாற்றுவது, இடைவெளி அடைப்பது, பெயின்ட் அடிப்பது என்று அந்த நாட்களில்தான் அப்பாவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது தடை 45 நாள். 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளிக்கூடம் திறந்து, "லீவுக்கு எங்கே போனே?" என்று தோழிகள் கேட்கும்போது நான் சொன்ன பதில் வருடா வருடம் ஒன்றுதான்: "உப்பனாத்துக்கு."

அப்பாவுக்கு இப்போது 66 வயது. உளியைக் கீழே வைத்து மூன்று வருடம் ஆகிறது. நான் புதுச்சேரி மிஷன் வீதியில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது என் ஃபோனில் ஒரு பறவைக் காணொளியை அவருக்குக் காட்டினேன். எரிமலைப் பாறையில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த இறக்கை பிய்ந்துபோன விசிறி மாதிரி குட்டையாக இருக்கிறது. அப்பா ஃபோனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நம்ம நீர்க்காக்காதானே இது? எறக்கைய யாரு வெட்டுனது?"

யாரும் வெட்டவில்லை. தென்னமெரிக்காவில் எக்வடோர் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் கலாபகஸ் தீவுகளில், துரத்தித் தின்ன தரையில் மிருகம் எதுவும் இல்லாததாலும் மீன் காலடியிலேயே கிடைத்ததாலும், அந்த இனம் தலைமுறை தலைமுறையாகப் பறப்பதையே விட்டுவிட்டது. பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது இறக்கை. ஆனாலும் முங்கி எழுந்ததும் நம் உப்பனாற்றில் நட்ட கழியில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகம் போலவே அதை விரித்துக் காயவைக்கிறது. அப்பா அந்தக் காணொளியை நான்கு முறை பார்த்தார். மறு வாரம் அவராகவே கேட்டார், "அந்தப் பறவை இருக்கற எடத்துக்கு எப்படிப் போறது?"

பதினோரு மாதமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் முன்பணம் கட்டிவிட்டோம். தமிழில் இதைப் பற்றி விவரமாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

தீவு தீவாகச் சுற்ற, இரவும் அதிலேயே தங்கிப்போகும் கப்பல்கள் உண்டு. தேட ஆரம்பித்தபோது நான் செய்த தவறு, முதலில் கப்பலைப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று மெத்தை, மொட்டைத்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, சாப்பாட்டு மேசைப் படங்கள். ஒரு மாதம் இதிலேயே போனது. படங்களைக் காட்டியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது எந்தப் பக்கம் ஓடுது?" மீன்பிடியில் எந்தத் தண்ணிக்குப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதானே எந்தப் படகு என்று பார்ப்பார்கள்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பறக்காத அந்த நீர்க்காகம் எல்லாத் தீவிலும் இல்லை. மேற்கு ஓரத்தில் ஃபெர்னாண்டினா தீவிலும் இசபெலா தீவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் மட்டும்தான் உண்டு. மேற்கிலிருந்து கடலின் அடியில் வரும் குரோம்வெல் நீரோட்டம் அந்தத் தீவுகளில் முட்டி மேலே எழும்புகிறது. ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரோடு சத்தும் மேலே வருவதால் அங்கே மீன் அதிகம். பூமத்திய ரேகையில் பென்குயின் வாழ்வதும் அதனால்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் அந்தக் குளிர் தண்ணீர் மேலே வராமல் போகும்போது இவை பட்டினி கிடந்து சாகின்றன. 1982-83 எல் நினோவில் பென்குயின்களில் முக்கால் பங்கு அழிந்தன. பிறகு மெல்ல மீண்டு, 2020 கணக்கெடுப்பில் நீர்க்காகங்கள் 2,220, பென்குயின்கள் 1,940. இந்த இரண்டு இனமும் உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அங்கே ஓடும் ஒவ்வொரு படகுக்கும் எந்த நாள் காலையில் எந்த இடம், மாலையில் எந்த இடம் என்று கலாபகஸ் தேசியப் பூங்கா நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் அதே படகு திரும்ப வரக் கூடாது. அதனால் பெரும்பாலான படகுகள் ஒரு வாரம் மேற்கு வட்டம், அடுத்த வாரம் கிழக்கோ தெற்கோ என்று மாறி மாறி ஓடுகின்றன. ஒரே படகு, ஒரே விலை, ஆனால் தேதி ஒரு வாரம் தள்ளினால் பார்க்கும் உயிரினங்களே வேறு. தென்கிழக்கில் எஸ்பனோலா தீவுக்குப் போனால் அலையாடும் அல்பட்ராஸ் பறவையைப் பார்க்கலாம். உலகிலுள்ள அந்த இனம் கிட்டத்தட்ட முழுவதும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அந்த ஒரு தீவில்தான் குஞ்சு பொரிக்கிறது. வடகிழக்கில் ஹெனோவேசா போனால் சிவப்புக் கால் கடற்பறவைக் கூட்டம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியாது. எனக்கு அல்பட்ராஸ் மேல் ஆசைதான். ஆனால் இது அப்பாவின் பயணம், அதனால் மேற்கு.

கப்பலே வேண்டாம், தீவில் அறை எடுத்துத் தங்கி நாள் பயணமாகப் போய் வரலாம் என்றும் யோசித்தோம். சாந்தா குரூஸ் தீவின் புவெர்த்தோ அயோரா ஊரில் அப்படித் தங்குகிறவர்கள் நிறையப் பேர். செலவு பாதிக்கும் குறைவு. ராட்சத ஆமைகளையும் கடல் சிங்கங்களையும் கடல் ஓணான்களையும் அப்படியே பார்க்கலாம். பணம் இடிக்கிறது என்றால் தயங்காமல் அப்படிப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஃபெர்னாண்டினாவுக்கு நாள் படகுகள் போவதில்லை. இரவில் ஓடி விடியலில் அங்கே நிற்கும் கப்பலில் போனால்தான் உண்டு.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு முகவர் "8 நாள் மேற்குப் பயணம்" என்று நல்ல விலையில் கொடுத்தார். பணம் அனுப்பும் நிலைக்கே போய்விட்டேன். கடைசி நேரத்தில் நாள்வாரி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அது நான்கு நாள் பயணத்தையும் ஐந்து நாள் பயணத்தையும் ஒட்டுப் போட்டது. நடுவில் ஒரு நாள் விமான நிலையம் இருக்கும் பால்ட்ராவுக்குத் திரும்பி வந்து, பாதிப் பேரை இறக்கி, புது ஆட்களை ஏற்றுகிறார்கள். அன்று நமக்குப் பாதி நாள் போச்சு. ஃபெர்னாண்டினாவும் அதில் இல்லை, இசபெலாவின் தெற்குக் கரையோடு சரி. அந்த அட்டவணையை நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் அனுப்பினார். எனக்கு அழுகையே வந்தது. நாள்வாரி அட்டவணை கையில் வராமல் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். இன்னொன்று, முதல் நாள் மதியம்தான் விமானம் வந்து இறங்கும், கடைசி நாள் காலையிலேயே கிளம்ப வேண்டும். அப்படியென்றால் ஐந்து நாள் பயணத்தில் முழு நாள் மூன்றுதான்.

நாங்கள் எடுத்த அட்டவணையில் அப்பா பேனாவால் வட்டம் போட்ட இடங்கள்: இசபெலாவின் வடமுனை அருகே புந்தா விசென்தே ரோக்கா, ஃபெர்னாண்டினாவில் புந்தா எஸ்பினோசா, பிறகு ஊர்பினா விரிகுடா, தாகுஸ் கோவ். ஊர்பினாவில் 1954-இல் கடலடித் தரை சட்டென்று பல அடி உயர்ந்து, பவளப்பாறை வெளியே வந்து காய்ந்துபோய்விட்டது. அதை இன்றும் பார்க்கலாமாம். கடல் உள்ளே வந்ததை 2004-இல் தேவனாம்பட்டினத்தில் பார்த்தவர் அப்பா. தரை மேலே எழும்பியதைக் கேட்டதும் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்த இடத்துக்கு இரண்டாவது முறையும் வட்டம் போட்டார்.

சரி, படகு. வழி முடிவானதும் எட்டுப் படகுகள் மிஞ்சின. கலாபகஸில் பயணிகள் கப்பலில் அதிகபட்சம் 100 பேர்தான் அனுமதி. ஒரு வழிகாட்டிக்கு 16 பேர். அதனால் சின்னப் படகுகள் பெரும்பாலும் 16 பேருக்கே கட்டியவை. எல்லோரும் ஒரே வழிகாட்டியோடு ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறலாம். பெரிய கப்பலில் குழு குழுவாகப் பிரித்து அனுப்புவார்கள். ஆனால் ஆட்டம் குறைவு, பெரும்பாலும் மருத்துவர் ஒருவரும் இருப்பார். இதய நோய், மூச்சுத் தொல்லை இருக்கிறவர்கள் பெரியதையே எடுப்பது நல்லது. அப்பாவுக்குச் சர்க்கரை கூட இல்லை, அதனால் 16 பேர் படகு.

எட்டுப் படகின் வரைபடங்களையும் என் கடைப் பிரின்டரில் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். அப்பா திண்ணையில் விரித்து வைத்து, மடக்கு அளவுகோலோடு உட்கார்ந்தார். நாற்பது வருடம் படகு கட்டிய மனிதர் இன்னொரு படகைப் படிப்பதை முதல்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மெத்தைப் படங்களை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அகலத்தையும் நீளத்தையும் பார்த்தார். எஞ்சின் எங்கே, ஜெனரேட்டர் எங்கே என்று விரலால் தேடினார். படகின் முன்முனையான அணியத்துப் பக்கத்து அறையில் அலை அடிக்கும் சத்தம், நங்கூரச் சங்கிலி சத்தம். பின்பக்க அறையில் எஞ்சின் சூடும் டீசல் வாடையும். மேல்தட்டு அறையில் ஜன்னல் பெரியது, காற்று நல்லது, ஆனால் உயரம் ஏற ஏற ஆட்டம் கூடும். "நடுவுல, தண்ணி மட்டத்துக்குக் கிட்ட இருக்கற அறையா பாரு பாப்பா. படகு அங்கதான் கம்மியா ஆடும்."

எட்டில் மூன்று, இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரான். அந்த ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கட்டைகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுமரமும் இந்த இரட்டைப் படகும் ஒன்றில்லை என்பதை அவரே விளக்கினார். கேட்டமரான் அகலமாக உட்காருவதால் பக்கவாட்டில் சாய்வது குறைவு, நின்ற இடத்தில் நல்ல நிதானம், அறைகளும் விசாலம். எதிர் அலையில் ஓடும்போது மட்டும் வெடுக் வெடுக்கென்று தூக்கிப் போடும். ஒற்றை அடிப்பாகப் படகு மெதுவாக, நீளமாக உருளும். அவருக்கு அந்த உருளல் பழக்கம். எனக்கு இரண்டுமே பழக்கமில்லை.

கடைசியில் முடிவு செய்தது ஆட்டத்தை வைத்து இல்லை. கீழ்த்தட்டு அறைகளைக் காட்டி, "ராத்திரி தீ புடிச்சா இங்கேர்ந்து எத்தனை வழி?" என்று கேட்டார். எட்டுப் படகுக்காரர்களுக்கும் அதையே எழுதிக் கேட்டேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் மட்டும் அவசர வழிகளைக் குறித்த வரைபடம் அனுப்பினார்கள். அதில் ஒருவர், இரவில் ஒருவர் விழித்திருந்து காவல் பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார். "இவன் படகு" என்று அப்பா அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அது ஒற்றை அடிப்பாகப் படகு. நடுத்தட்டில், நடுவில், இரண்டு கட்டில் அறை.

வழிகாட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டேன். மலிவான சில பயணங்களில் ஒரே ஆள் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்வார், நேரம் இரட்டிப்பாகும். எங்கள் வாரத்தில் ஆங்கிலம் மட்டும். நான் கேட்டு அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காக இப்போதே பெயர்களைத் தமிழில் எழுதி வைக்கிறேன்: பேராமை, சுறா, திருக்கை. முக்கால்வாசிப் பெயரை அப்பாதான் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

மாதம்? ஆகஸ்டு, செப்டம்பரில் கடல் கொந்தளிப்பு அதிகம். ஜனவரி முதல் மே வரை வெயில், தண்ணீரும் இதமாக இருக்கும். ஆனால் நீர்க்காகம் பெரும்பாலும் குளிர் தண்ணீர் மாதங்களில்தான் கூடு கட்டும். ஆண் பறவை கடற்பாசியை வாயில் கவ்வி வந்து பெண்ணிடம் கொடுக்கும். அதைப் பார்க்க வேண்டும், கடலும் ரொம்ப முரண்டு பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஜூன் முதல் வாரம். மெல்லிய தூறல் இருக்கலாம் என்கிறார்கள். மேற்கில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், முழு நீச்சல் உடுப்பு படகிலேயே வாடகைக்கு உண்டு.

என் தொழில் சம்பந்தமாக இரண்டு விஷயம். தொலைநோக்கி வாங்கினால் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) வாங்குங்கள். 10 மடங்கு என்றால் ஆடும் படகில் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் கடலுக்குள் பார்க்க, பவர் வைத்த முகமூடி கிடைக்கிறது. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று. என் கடையிலேயே வரவழைத்துவிட்டேன்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு ஒருவருக்கு 3,600 டாலர். பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர், 2024 ஆகஸ்டு முதல் இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். தீவுக்கான அனுமதி அட்டை 20 டாலர். விமானம், காப்பீடு தனி. இரண்டு ஏலச்சீட்டும் அப்பா பட்டறைப் பங்கை விற்ற பணமும் இதற்கே சரியாகப் போகிறது. எக்வடோர் தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்தில் இருக்கும் குவாயாகீலில் இறங்கி இரண்டு இரவு தங்குகிறோம். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. பழம், விதை, செடி எதையும் தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது, பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

முன்பணம் கட்டிய மறுநாள் படகுக்காரர்கள் அனுப்பிய காணொளியில், சின்னப் படகிலிருந்து பாறையில் இறங்கும்போது ஊழியரின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முன்கையைப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். "ஈரக் கை வழுக்கும், வேற எப்படிப் புடிப்பாங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்னை உப்பனாற்றுக்குக் கூட்டிப்போய், தெரிந்தவரின் ஃபைபர் படகில் ஏற்றி, கரையில் நின்றுகொண்டு முன்கையை நீட்டினார். அலை படகைத் தூக்கும்போது காலை வை, இறங்கும்போது வைக்காதே என்று சொல்லிச் சொல்லி, பதினைந்து முறை இறங்கவைத்தார். நாங்கள் முடிக்கும்வரை எதிர்க் கழியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.